ஈரிருக்கைச் சறுக்கு விமானம்

நண்பகற்பொழுதில் வானத்தை அண்ணாந்து நோக்குங்கள். பருந்தொன்று சிறகுகளை விரித்தபடியே வட்டமிட்டுக் கொண்டிருப்பதைக் காணலாம். காக்கையும் புறாவும் போல அது சிறகடித்துப் பறப்பதில்லை. எனினும் அது கீழே விழுவதுமில்லை. நேரம் செல்லச் செல்ல மேலே மேலே சென்று, ஒரு புள்ளியாய்ச் சிறுத்து, முடிவில் கண்ணுக்கே மறைந்துவிடுகின்றது. சிறகசையாப் பறவை வானேறுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்ட மனிதன், எஞ்சின் இல்லாமலே பறக்கும் ஊர்தி ஒன்றை அமைத்துக் கொண்டான். அதனைக் கிளைடர் என்றும் சறுக்கு விமானம் என்றும் வழங்குவர். அவ்வகையுள், ஆசானும் மாணாக்கனும் ஒருங்கே அமர்ந்து பறத்தற்கென அமைந்த ஈரிருக்கைச் சறுக்கு விமானத்தைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

ஊர்தியின் அமைப்பைக் காணுமுன், அது தோன்றுதற்குப் பின்னணியாய் நின்ற துயர வரலாறு ஒன்றைக் கேளுங்கள். செருமனி நாட்டில் ஓட்டோ லிலியென்தால் என்னும் பொறியியல் அறிஞர் ஒருவர் இருந்தார். நாரைகள் பறக்கும் முறையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அவர், மெல்லிய கழிகளாலும் துணியாலும் இறக்கைகள் அமைத்தார். அவற்றைப் பற்றித் தொங்கியபடி குன்றின் சரிவிலிருந்து ஓடிவந்து காற்றில் எழுவார். 1891 முதல் 1896 வரை அவர் இவ்வாறு பறந்தது ஏறத்தாழ 2000 தடவை. ஊர்தியைத் திருப்பவும் தாழ்த்தவும் அவருக்கிருந்த கருவி அவருடைய உடலே. காலையும் இடையையும் முன்னும் பின்னும் அசைத்தே அதனைச் சமன் செய்தார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், பறந்து கொண்டிருக்கையில் ஊர்தியின் முகம் திடுமென மேல்நோக்கி எழுந்தது, வேகம் குன்றியது, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்த அவர் மறுநாள் உயிர் நீத்தார். அவர் தமக்குத் தாமே ஆசானாய் இருந்து கற்றவர். அவ்வித்தையை அவருக்குக் கற்பிக்க வல்லார் அந்நாளில் ஒருவரும் இலர்.

முதல் உலகப் போருக்குப் பின்னர் 1919ஆம் ஆண்டில் ஏற்பட்ட வெர்சேல்சு உடன்படிக்கை, செருமனியின் விமானத் தொழிலைப் பெரிதும் ஒடுக்கிற்று. எஞ்சின் விமானத்திற்கு வழியற்றுப்போன இளைஞர், எஞ்சினில்லா விமானத்தை நாடினர். ரோன் மலைப்பகுதியில் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்க்குப்பே என்னும் குன்று அவர்தம் பயிற்சிக்களம் ஆயிற்று. 1920ஆம் ஆண்டில் அங்கே பறத்தற்போட்டிகள் தொடங்கின. 1922ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு மணி நேரத்திற்கு மேலும், சின்னாட்களில் மற்றொருவர் மூன்று மணி நேரத்திற்கு மேலும் அங்கே வானில் நின்று காட்டினர்.

ஆயினும் அக்காலத்துப் பயிற்சிமுறை அச்சந் தருவதாகவே இருந்தது. ஊர்தியில் இருக்கை ஒன்றே உண்டு. அதன்கண் மாணாக்கன் தனியனாய் அமர்வான். தோழர்கள் நீண்ட இரப்பர்க் கயிற்றை இருபுறமும் இழுத்து, கவணிலிருந்து கல்லை விடுவதுபோல அவனை விடுவர். முதலிற் புல்தரையில் சறுக்குவான்; பின்னர்ச் சிறிது தாவுவான்; அதன்பின் பறப்பான். ஆசிரியரோ தரையில் நிற்பார். பறக்கத் தொடங்கிய மாணாக்கன் பிழை செய்யின், அதனைக் காண அவரால் இயலும், திருத்த இயலாது. கரும்பலகையின்முன் கற்பிக்கும் எம்மனோர்க்கு, மாணவன் எழுதிய பிழையைச் செங்கோலிட்டுத் திருத்த எப்பொழுதும் நேரமுண்டு. வானத்திலோ பிழைக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ளவை சில நொடிகளே. ஆதலின் ஆசானும் மாணாக்கனுடன் பறத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தடைசெய்யப்பட்டிருந்த சறுக்குப் பறப்பு, மேற்குச் செருமனியில் 1951ஆம் ஆண்டில் மீண்டும் இசைவு பெற்றபோது, ஈரிருக்கை ஊர்தியே பயிற்சிக்கு உரியதென நிலைபெறலாயிற்று.

வாசர்க்குப்பே குன்றின் அருகே போப்பென்ஹவுசன் என்னும் ஊர் உள்ளது. அங்கே அலெக்சாண்டர் ஷ்லைகர் என்பார் 1927ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலை நிறுவினார். அத்தொழிற்சாலைக்காக ருடால்ப் கைசர் என்னும் வடிவமைப்பாளர் பல சறுக்கு விமானங்களை வகுத்தார். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எஸ்.கே. 13 என்பது மரம், எஃகுக் குழாய், துணி ஆகியவற்றால் ஆயது. அதன் வழித்தோன்றலாய் 1970களின் இறுதியில் வானேறியது ஏ.எஸ்.கே. 21. அப்பெயரின் முதலிரண்டு எழுத்துகள் தொழிற்சாலை நிறுவியவரையும், மூன்றாம் எழுத்து வடிவமைத்தவரையும் குறிப்பன. 900க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டு, பல நாடுகளிலும் மாணாக்கரைப் பறப்பித்துவரும் இவ்வூர்தியையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இதன் உடல் மரத்தாலும் உலோகத்தகட்டாலும் ஆயதன்று. கண்ணாடியிழையைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்த்துச் செய்யப்பட்டது. ஆதலின் மேற்புறம் முட்டையோடு போல வழுவழுப்பாக இருக்கும்; காற்று தடையின்றி வழுக்கிச் செல்லும். ஒரு சிறகின் நுனியிலிருந்து மறுசிறகின் நுனிவரை அளந்தால் 17 மீட்டர். உடலின் நீளமோ 8 மீட்டரைச் சிறிதே கடந்தது. உடலினும் சிறகு இருமடங்கு நீண்டிருத்தல் காண்க. நீண்டு ஒடுங்கிய சிறகு, குறைந்த காற்றுத்தடையில் மிகுந்த தாங்கும் விசையைத் தரும். ஆள் ஏறாத நிலையில் இதன் எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். இருவரையும் சேர்த்து 600 கிலோகிராம் வரை சுமக்கலாம். மூக்கின்கீழ் ஒரு சக்கரமும் நடுவே ஒரு பெரிய சக்கரமும் உண்டு. இவை மடங்கி உள்ளே செல்லாமல் எப்பொழுதும் வெளியிலேயே நிற்பன. சக்கரத்தை இறக்க மறந்து தரைதொடும் பிழைக்கு இங்கே இடமே இல்லை. பழகாதவன் கைப்படும் கருவி இத்தகைய எளிமையுடையதாய் இருத்தல் வேண்டும்.

இருக்கைகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலும் வைக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகவும் வைக்கலாம். நம் நாட்டில் வகுக்கப்பட்டு 1961ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த ரோகிணி என்னும் பயிற்சி ஊர்தி முதல் வகையினது. அதில் ஆசானும் மாணாக்கனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கலாம், கையசைவையும் காணலாம். ஏ.எஸ்.கே. 21 இரண்டாம் வகையினது. முன்னே மாணாக்கனும் பின்னே ஆசானும் அமர்வர். இவ்வகையில் உடல் ஒடுங்கியிருப்பதால் காற்றுத்தடை குறையும். மேலும், பின்னிருக்கை ஊர்தியின் எடைமையத்திற்கு அருகில் அமைந்துள்ளது. துலாக்கோலின் நடுவே வைத்த பொருளை எடுத்தாலும் வைத்தாலும் தட்டுகள் மிகுதியாய்ச் சாயா அன்றோ? அதுபோல, ஆசான் ஒருநாள் இறங்கிக்கொண்டாலும் ஊர்தியின் சமநிலை பெரிதும் மாறுவதில்லை. முன்னிருக்கையோ மையத்திற்குத் தொலைவில் உள்ளது. ஆதலின் தனியே பறப்பவர் முன்னிருக்கையிலேயே அமர்தல் வேண்டும்; அங்கே அமர்பவரின் எடை விதித்த அளவிற்குக் குறைந்தால், எடைக்கட்டிகளைப் பொருத்தி ஈடு செய்தல் வேண்டும். என்றேனும் ஒருநாள் மாணாக்கன் தனியே பறப்பான் என்பதை எண்ணியே இருக்கைகள் வகுக்கப்பட்டன எனலாம்.

இரண்டு இருக்கைகளிலும் இயக்கும் கருவிகள் இரட்டையாய் உள்ளன. முழங்கால்களுக்கு நடுவே நிற்பது கைக்கோல். அதனை முன்னே தள்ளின் ஊர்தியின் முகம் தாழும். பின்னே இழுப்பின் முகம் உயரும். இடமோ வலமோ சாய்ப்பின் அவ்வப்பக்கத்துச் சிறகு தாழும். காலடியில் உள்ள இரு மிதிகள் வாலின்கண் உள்ள சுக்கானைத் திருப்புவன. இடக்கைக்கு எட்டும் நீலநிறக் கைப்பிடியை இழுத்தால், சிறகுகளின் மேற்புறத்திலிருந்து தகடுகள் எழுந்து நிற்கும். காற்றுத்தடை எனப்படும் இவை, ஊர்தியை விரைந்து கீழிறக்க உதவுவன. இழுகயிற்றை விடுவிக்கும் குமிழ் மஞ்சள் நிறம். கைக்கோலின் அழுத்தத்தைச் சமப்படுத்தும் கருவி பச்சை நிறம். இடர்க்காலத்தில் தலைமேல் உள்ள கண்ணாடி மூடியைக் கழற்றும் பிடி சிவப்பு நிறம். பதற்றத்திற் படிக்க நேரமிராது. நிறத்தைக் கண் உடனே அறியும்.

வேகமானி, உயரமானி, ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் கருவி ஆகியன மாணாக்கன் முன்னே உள்ளன. இவற்றினும் எளிய கருவியொன்று வெளியே உண்டு. கண்ணாடி மூடியின்மேல் ஒட்டிய ஒரு சிறு கம்பளி நூலே அது! நீண்ட சிறகுடைய ஊர்தியை இடப்புறம் சாய்க்கும்போது, அதன் முகம் முதலில் வலப்புறமே விலக முற்படும். இக்குற்றத்தைப் போக்கக் கைக்கோலுடன் மிதியையும் ஒருங்கே இயக்கல் வேண்டும். இரண்டும் இசைந்தால் நூல் நேராகப் பின்னோக்கிக் கிடக்கும். நூலின் நுனி இடப்புறம் சென்றால் வலமிதியையும், வலப்புறம் சென்றால் இடமிதியையும் அழுத்துக என்பது விதி. காசு பெறாத நூலொன்று கையும் காலும் ஒத்துழைக்கக் கற்பிக்கின்றது.

எஞ்சின் இல்லாத ஊர்தியை முன்னே செலுத்துவது எது? அதன் எடையே. சரிவில் விட்ட வண்டி தானே உருள்வதுபோல, இவ்வூர்தி காற்றினூடே மெல்லச் சரிந்து கொண்டே முன்செல்கின்றது. காற்று அசைவற்றிருப்பின், ஏ.எஸ்.கே. 21 தான் இழக்கும் உயரத்தைப்போல் 34 மடங்கு தொலைவு செல்ல வல்லது. அஃதாவது ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 34 கிலோமீட்டர் செல்லும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால், ஒரு நொடியில் 25 மீட்டர் முன்செல்லும். முக்கால் மீட்டரே கீழிறங்கும். கதிரவன் வெப்பத்தால் நிலம் எங்கும் ஒன்றுபோலச் சூடேறுவதில்லை. உழுத நிலமும் பாறையும் விரைவிற் சூடேறும். நீர்நிலையும் ஈரவயலும் குளிர்ந்திருக்கும். சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும். நொடிக்கு இரண்டு மீட்டர் எழும் காற்றினுள், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் சரியும் ஊர்தி வட்டமிடுமாயின், நொடிக்கு ஒரு மீட்டர் உயரும் அன்றோ? தொடக்கத்திற் கண்ட பருந்தின் மறைபொருளும் இதுவே.

வானேறுமுன் ஊர்தியை ஆராய்தல் இன்றியமையாதது. இதனைக் கழற்றி வண்டியிலேற்றிக் கொண்டுசெல்வதும், களத்தில் மீண்டும் பூட்டுவதும் வழக்கம். பூட்டியபின் ஒருவர் உள்ளே கைக்கோலை அசைக்க, மற்றொருவர் வெளியே தகட்டைக் கையாற் பற்றிப் பார்ப்பர். அசைகின்றது என்று கண்ணாற் காண்பது போதாது; விசை உண்மையாகவே சென்று சேர்கின்றதா என்று கையால் அறிதல் வேண்டும். பூட்டப்படாத ஓர் இணைப்பு உயிரைக் கொண்டுபோகும். அதன்பின் பெரும்பாலும் இருவழிகளில் ஊர்தி ஏறும். எஞ்சின் விமானம் ஒன்று கயிற்றாற் கட்டி இழுத்துச் செல்வது ஒரு வழி. களத்தின் மறுகோடியில் உள்ள வின்ச் என்னும் பொறி, நெடிய கயிற்றை விரைந்து சுற்றியிழுக்க, பட்டம்போல் நிமிர்ந்து ஏறுவது மற்றொரு வழி.

வின்ச் கொண்டு ஏறுகையில், மாணாக்கன் வானத்தை நோக்கிச் சாய்ந்தவனாய் இருப்பான். அவ்வேளையிற் கயிறு அறுந்தால் என் செய்வது? இப்பயிற்சியை ஆசான் முன்னறிவிப்பின்றியே தருவார். நன்கு ஏறிக்கொண்டிருக்கையில் பின்னிருந்து மஞ்சட் குமிழை இழுத்துவிடுவார். இழுவிசை அற்றுப்போம். ஊர்தியின் முகமோ இன்னும் மேல்நோக்கியே உள்ளது. வேகம் நொடிதோறும் குறைகின்றது. அப்பொழுது மாணாக்கன் சிறிதும் தாழ்க்காது கைக்கோலை முன்னே தள்ளி முகத்தைத் தாழ்த்தி, வேகம் மீண்டதை வேகமானியிற் கண்டபின்னரே, நேரே இறங்குவதா திரும்பி வந்து இறங்குவதா என்று முடிவு செய்தல் வேண்டும். முதலில் வேகம், பின்னரே பிறவெல்லாம்.

இங்கேதான் மனித இயல்பும் வான நெறியும் முரண்படுகின்றன. கீழே விழுவோம் என்று அஞ்சியவன், தன்னை அறியாமலே கோலைத் தன்பால் இழுப்பான். தரையை விட்டு விலக விழைவான். இழுக்க இழுக்க முகம் உயரும். சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் மிகும். அக்கோணம் எல்லை கடந்தவுடன், சிறகின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று அதனை விட்டுப் பிரிந்து குலையும். தாங்கும் விசை பெரிதும் குன்ற, ஊர்தி அமிழும். இதனை ஸ்டால் என்பர். இந்நிலையிற் கோலை மேலும் இழுப்பவன் தன் கையாலேயே தன் வீழ்ச்சியை நீட்டிக்கின்றான். கோலை முன்னே தள்ளுபவனுக்கோ, சிறிது உயரம் இழந்தபின் சிறகு உயிர் பெறுகின்றது. லிலியென்தாலை வீழ்த்தியது இந்நிலையே. அவர் அறியாமல் அடைந்த இடரை, இன்றைய மாணாக்கன் உயரத்தில், ஆசானின் காவலில், பன்முறை வேண்டுமென்றே வரவழைத்து, அதனின்று மீளவும் கற்கின்றான்.

ஸ்டால் நேர்கையில் ஒரு சிறகு மற்றதினும் மிகுதியாய்த் தாங்கும் ஆற்றலை இழப்பின், ஊர்தி சுழன்றுகொண்டே விழும். இது சுழல்வீழ்ச்சி. சுழலும் திசைக்கு எதிர்மிதியை முழுதும் அழுத்தி, பின் கோலை முன்தள்ளி, சுழற்சி நின்றபின் மிதியை நடுவே கொணர்ந்து, பாய்ச்சலினின்று மெல்ல நிமிர்த்தல் வேண்டும். ஆனால் ஏ.எஸ்.கே. 21 எளிதிற் சுழல்வதில்லை. மாணாக்கன் பிழைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் இயல்பினது. இது நற்குணமே ஆயினும், இதனால் ஒரு தீங்கும் உண்டு. இதிற் பழகியவன் எல்லா ஊர்திகளும் இவ்வாறே பொறுக்கும் என எண்ணிவிடலாம். பிற்காலத்தில் அவன் ஏறும் ஓரிருக்கை ஊர்தி அவ்வாறு பொறுக்காது. ஆதலின் சுழல்வீழ்ச்சியைக் கற்பித்தற்கென்றே, இவ்வூர்தியின் வாலிற் கணக்கிட்ட எடைக்கட்டிகளைப் பொருத்தும் ஏற்பாடு செய்துள்ளனர். எடைமையம் பின்னே நகர்ந்தால் ஊர்தி சுழற்சிக்கு இணங்கும். பயிற்சி முடிந்தவுடன் அக்கட்டிகளை மறவாது கழற்றல் வேண்டும். அன்பே உருவான ஆசிரியரும் சிற்சில வேளை கடுமை காட்டுவது எதற்கு என்பதை இவ்வெடைக்கட்டிகள் நமக்கு உணர்த்துகின்றன.

இறங்குதலில் இரண்டாம் வாய்ப்பு இல்லை. எஞ்சின் விமானம் தவறினால் மீண்டும் எழுந்து சுற்றி வரலாம். இவ்வூர்திக்கு அது இயலாது. ஆதலின் களத்தின் ஒரு பக்கமாகக் காற்றோடு சென்று, திரும்பி, மீண்டும் திரும்பிக் காற்றை எதிர்த்துக் களத்தை அணுகுவர். வேண்டுவதினும் சற்று மிகுந்த உயரத்துடனேயே வந்து, மிகையைக் காற்றுத்தடையாற் கழிப்பர். மிகுந்ததைக் கழிக்கலாம், குறைந்ததை எங்கிருந்து பெறுவது? தரையை நெருங்கியதும் கோலை மெல்ல இழுத்து, புல்லின்மேல் ஊர்தியைத் தவழவிட்டு, வேகம் தேய்ந்தபின் சக்கரம் தொடச் செய்வர்.

இவ்வாறு பல நாள் கழியும். தொடக்கத்தில் ஆசானின் கையே பெரிதும் இயங்கும். வரவர மாணாக்கனின் கை இயங்கும். ஆசானின் கைகள் மடிமேல் ஓய்ந்திருக்கும். ஆனால் கோலிலிருந்து தொலைவிற் செல்லா. எப்பொழுது குறுக்கிடுவது, எப்பொழுது பொறுத்திருப்பது என்பதே அவர்தம் கலை. விரைந்து குறுக்கிட்டால் மாணாக்கன் தன் பிழையைத் தானே திருத்தக் கல்லான். தாழ்த்தால் இருவர்க்கும் கேடு.

பின்னர் ஒருநாள், ஊர்தி தரையிறங்கி நின்றதும், ஆசான் ஒன்றும் பேசாது இறங்குவார். பின்னிருக்கையின் வார்களை எதிலும் சிக்காதவாறு இறுகப் பூட்டுவார். கண்ணாடி மூடியைச் சாத்துவார். மாணாக்கன் உடனே உணர்ந்துகொள்வான். கயிறு இறுகும், ஊர்தி எழும். ஒருவர் எடை குறைந்தமையால் முன்னினும் விரைந்து ஏறும். பின்னிருந்து வந்த குரல் இல்லை. ஆயினும் முகம் சிறிது உயர்ந்தவுடன் அவன் கை தானே கோலை முன்னே தள்ளும். நூல் சிறிது விலகியவுடன் அவன் கால் தானே மிதியை அழுத்தும். வெளியே நின்ற ஆசான் அவன் உள்ளே சென்று அமர்ந்துவிட்டார். கீழே களத்தில் நிற்பவரோ, கையைக் கண்மேல் வைத்து, அவன் இறங்கும்வரை வானத்தையே நோக்கிக்கொண்டிருப்பார்.

மாணவர்களே! நும் இருக்கைக்குப் பின்னே இன்று பெற்றோரும் ஆசிரியரும் அமர்ந்துள்ளனர். அவர்தம் இருக்கை என்றேனும் ஒருநாள் வெறுமையாகும். அந்நாளில் அச்சம் இழுக்கும் திசையிற் செல்லாது, கற்ற அறிவு காட்டும் திசையிற் கையைச் செலுத்தப் பழகுங்கள். கல்வியின் பயன் அதுவே.

பயிற்சி

1. தொடக்கக் காலச் சறுக்கு விமானப் பயிற்சியில் இருந்த குறை யாது? அஃது எவ்வாறு நீங்கிற்று?
2. தனியே பறப்பவர் முன்னிருக்கையிலேயே அமர்தல் வேண்டும் என்பது ஏன்?
3. அச்சமுற்றவன் செய்வதும், அறிந்தவன் செய்வதும் எவ்வாறு வேறுபடும்? ஸ்டால் நிலையைக்கொண்டு விளக்குக.
4. ‘ஏ.எஸ்.கே. 21இன் பொறுமையே அதன் குறையும் ஆகலாம்’ – இக்கருத்தை ஆராய்க.
5. ‘நான் தனியே செய்த முதற் செயல்’ என்னும் பொருள்பற்றி ஒரு பக்க அளவிற் கட்டுரை வரைக.